அட்டை மரம் எது?

செயின்சோ பிடித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஆபத்தான மரங்களை இறக்குவது என் வேலை. ஒரு மரத்தையும் கூரைமேல் விழ விட்டதில்லை. ஆனால் ஒருமுறை தப்பான மரத்தை வெட்டப் போனேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தோட்ட ஆபீஸ் தந்த கடிதத்தில், மேல் லயத்துத் தொழிலாளர் வீடுகளுக்குப் பின்னால் உள்ள ஃபிளேம் ட்ரீயை அகற்றவும் என்று இங்கிலீஷில் இருந்தது. போய்ப் பார்த்தேன். வீடுகளுக்குப் பின்னால் ஒரு முள்முருங்கை, இலையே இல்லாமல் செக்கச்செவேலென்று பூத்து நின்றது. எரிகிற நெருப்புதான். வேறு யோசனையே வரவில்லை. கயிறு கட்டி மெஷினை ஸ்டார்ட் செய்தேன்.

கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். "அண்ணே, நிப்பாட்டுங்க! இத ஏன் வெட்டுறீங்க?"

லயத்தின் கடைசி வீட்டுச் செல்வமணி. மரம் கூரைப்பக்கம் சாய்கிறது என்று ஆபீஸில் முறையிட்டவரே அவர்தான்.

"ஃபிளேம் ட்ரீன்னு எழுதியிருக்கேம்மா."

"நாங்க சொன்னது அட்டை மரத்தங்க. அந்தா, மூலையில நிக்குதே."

நான் டியூலிப் என்று அறிந்திருந்த மரம். அதற்கும் நெருப்பு நிறப் பூதான்.

"அட்டைன்னு ஏன் பேரு?"

கீழே கிடந்த மொட்டு ஒன்றை என் கையில் வைத்தார். பழுப்பாக, வளைந்து, ரத்தம் குடித்த அட்டை போலவே இருந்தது. "சிங்கள ஆளுங்க கூடெல்லான்னு சொல்லுவாங்க. அதுக்கும் அட்டைன்னுதாங்க அர்த்தம்." நசுக்கினேன். தண்ணீர் முகத்தில் பீய்ச்சியது. அவர் சிரித்துவிட்டார்.

தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரைக்குப் போன் போட்டேன். "லெட்டர்ல இருக்கிறத வெட்டிட்டு வாங்க" என்றார்.

"அந்தப் பேரு ரெண்டு மரத்துக்கும் பொருந்துதுங்க சேர். எது கூரைப்பக்கம் சாயுதோ, அதத்தான் வெட்டுவேன்."

அட்டை மரத்தின் அடியைத் தட்டினேன். வெறும் டப்பாச் சத்தம். பக்கத்து நாலு வீட்டு ஆட்களையும் வெளியே அனுப்பிவிட்டு, நானும் என் உதவியாளும் கிளை கிளையாகக் கயிற்றில் இறக்கினோம். அடிமரத்துக்குள் முழங்கை வரை என் கை போனது. அவ்வளவும் உளுத்திருந்தது. செல்வமணி அந்தப் பொந்தையும் தன் வீட்டுக் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வாரம் மழை பிடித்தது.

அதன்பிறகு எந்தத் தோட்டத்திலும் நான் கடிதத்தை மட்டும் நம்பி மெஷினைத் தொட்டதில்லை. மரத்துக்குக் கீழே குடியிருப்பவரிடம் பேரைக் கேட்பேன். ஏன் அந்தப் பேர் என்றும் கேட்பேன். பேருக்குக் காரணம் சொல்லத் தெரிந்தவர் தப்பான மரத்தைக் காட்டமாட்டார்.