பேய்ப் பாட்டுக்குள் என் குரல்

கல்யாணமாகி நான் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்து சில மாதங்கள் ஆகியும் என் கணவரும் நானும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. சாப்பாடு, சுடுதண்ணீர், அரூருக்கு அவர் வேலைக்குப் போகும் பஸ், அவ்வளவுதான். கோபக்காரர் இல்லை, கூச்சம். மாமனார் இறந்து ஒரு வருஷம்கூட ஆகாத வீடு வேறு. சிரிப்புச் சத்தத்தையே நான் அங்கே கேட்டதில்லை.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் சினிமா பேய்ப் பாட்டுகள். சலங்கைச் சத்தம், நரி ஊளை, வெள்ளைச் சேலைக்காரி இழுத்து இழுத்துப் பாடுவது, எல்லாவற்றையும் ஒரு கேசட்டில் சேர்த்து வைத்திருந்தார். புதிதாக வந்த டிஸ்கோ பாட்டுகளில் நடுவே யாராவது விக்கினாலோ உறுமினாலோ அதற்கும் இடம் உண்டு. அது மாமனார் தொடங்கிய பழக்கம் என்று மாமியார் சொன்னார். கல்லறைத் திருநாளில் கல்லறைக்குப் போய் வந்ததும் சொந்தக்காரர்கள் கூடி டீ குடித்தபடி அந்தப் பாட்டுகளைக் கேட்பார்களாம். எனக்கோ டூரிங் டாக்கீஸில் அந்த மாதிரிப் பாட்டு வந்தாலே அம்மாவின் முந்தானைக்குள் முகம் போய்விடும்.

திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம், அவர் வெகுநாளாகத் தேடிய பாட்டு ரேடியோவில் வந்தது. டேப் ரெக்கார்டரைப் பக்கத்தில் வைத்துப் பட்டனை அமுக்கிவிட்டு, யாரும் பேசக் கூடாது என்று சைகை காட்டினார். நான் அடுப்படி வாசலில் மூச்சடக்கி நின்றேன். பாட்டில் அந்தப் பெண் சிரிக்கத் தொடங்கிய நேரம் பார்த்துப் பரணிலிருந்த பூனை என் தோளில் குதித்தது.

“ஐயோ மாதாவே, என்னப் புடிச்சிருச்சு” என்று அலறிவிட்டேன்.

பாட்டு முடியும்வரை அவர் திரும்பவேயில்லை. எனக்கு அழுகை முட்டியது. பிறகு ரீவைண்ட் செய்து போட்டுக் கேட்டார். என் அலறல் வந்ததும் அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்து கிட்டே போனால், சிரித்துக்கொண்டிருந்தார். அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.

“அழிக்கறதா? பாட்டுல வர்ற பேயே உன்னக் கண்டு பயந்துருக்கும்” என்றார். அவர் என்னிடம் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

மறுநாள் மாமனாரின் கல்லறையைச் சுத்தம் செய்து, சாமந்திப் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். சர்ச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். வீட்டில் சொந்தக்காரர்கள் கூடினாலும் இந்த வருஷம் கேசட்டைப் போடுவதா என்று எல்லாருக்கும் தயக்கம். மாமியாரே போடச் சொல்லித் தலையசைத்தார்.

என் அலறல் வந்தபோது பிள்ளைகளும் சேர்ந்து அலறினார்கள். பெரியவர்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்தக் கத்தற எடத்த இன்னொருக்கா போடுடா. உங்கப்பா இருந்திருந்தா ஒரு தடவையோட வுட்டிருக்கவே மாட்டாரு” என்றார்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் எங்களுக்குப் பேச்சு வந்துவிட்டது. என்னென்ன பாட்டு சேர்க்கலாம், எது உண்மையிலேயே பயமாக இருக்கிறது, எது சிரிப்பாக இருக்கிறது என்றெல்லாம் அவர் என்னிடம் கேட்டார். எனக்கும் சொல்ல நிறைய இருந்தது. அடுத்த வருஷம் நாங்களே ஒரு பேய்ப் பாட்டு பதிவு செய்தோம். அவர் காற்றாக ஊதினார், மாமியார் தாம்பாளத்தைத் தட்டினார். ஏழு மாத வயிற்றோடு நான் ஊளையிட்டேன். சிரிப்பில் ஒரு வரிகூட உருப்படியாக வரவில்லை. அதை யாரும் அழிக்கச் சொல்லவில்லை.