ஓடு தாங்குமா?

ரயிலுக்கு நேரமிருக்கிறது; வழியில் நின்று வேடிக்கை பார்க்கிறேன். ஒக்கலிபுரத்து ஓட்டுக் கிடங்கில் காலைப் பனி இன்னும் கலையவில்லை. லாரி நிறைய வளைவு ஓடுகள், சிவந்த அலைகள்போல் பனியில் மிதக்கின்றன. டிரைவர் கயிற்றை அவிழ்க்காமல் காத்திருக்கிறார். ஓடு சோதிக்கும் முனியம்மா, இரண்டு செங்கல்மேல் ஓர் ஓட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறாள்.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறி நில்லுங்க சார். உடைஞ்சா மொத்த லோடும் வாபஸ்."

"நீ ஏறலையாம்மா?"

"நான் இப்ப ரெண்டு ஆளு சார். ஓட்டுக்கு அநியாயம்" என்று வயிற்றைத் தொட்டுச் சிரிக்கிறாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன். கீழே தரை தெரியவில்லை. பனிமேல் நிற்பதுபோல் இருக்கிறது. ஓடு தாங்குகிறது.

நான் இறங்கியதும் அதை எடுத்து, வயிற்றருகே பிடித்து விரல் முட்டியால் தட்டுகிறாள். கணீரென்கிறது. ஆனாலும் ஒரு கையை வயிற்றில் வைத்து எதற்கோ காத்திருக்கிறாள்.

"உதைச்சிடுச்சு! கயித்த அவுருங்கண்ணா."