ஐஸில் புதைத்த இன்சுலின்

மாமல்லபுரத்தில் மீன் விற்கிறேன். வீட்டில் ஃப்ரிட்ஜ் பழுதானபோது, மனைவியின் இன்சுலின் பாட்டிலை மீனைப் போலவே ஐஸுக்குள் புதைத்து வைத்தேன். வேளை தவறாமல் ஊசி போட்டும் அவளுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது.

“எனக்குத் தெரியாம இன்னா துன்ற?” என்று கத்தினேன்.

ஒரு வாரம் கழித்து, மீதி மருந்தை மருந்துக் கடைப் பெண்ணிடம் காட்டி, ஐஸில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

“ஐஸுலயா வெச்ச அண்ணாத்த? இது புரோட்டீன் மருந்து. ஒருவாட்டி உறைஞ்சாலே கெட்டுப்பூடும். ஈரத்துணி சுத்தின மண்பானைல வெச்சிருந்தா போதுமே.”

புது பாட்டிலோடு வீட்டுக்கு ஓடினேன். மனைவி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் ஒரு கைப்பிடி சோறுதான் இருந்தது.

“நீ கத்துனதுலேர்ந்து இவ்ளோதான்யா துன்றேன்,” என்றாள்.

மருந்தை மாற்றிவிட்டேன். அந்த ஒரு வாரச் சோற்றை அவளுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?