படி கழுவச் சான்றிதழ் கேட்பதில்லை

ரொவீகோ நகரத்தில் லிப்ட் இல்லாத பழைய குடியிருப்புகளின் படிக்கட்டுகளைக் கழுவித் துடைப்பதுதான், கல்யாணத்துக்கு முன்பிருந்தே நெரீனாவின் பிழைப்பு. ஐந்தாம் மாடிக்குப் போகும்போது நெஞ்சு படபடக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அடங்கியதும் வாளியைத் தூக்குவாள். வயதாகிறது என்று நினைத்துக்கொள்வாள்.

அவள் மகள் இலேனியா சைக்கிள் பந்தயக்காரி. வருஷாவருஷம் விளையாட்டு மருத்துவரிடம் போய், மார்பில் ஒயர்களை ஒட்டிக்கொண்டு மூச்சிரைக்க மிதித்துக் காட்டி, சான்றிதழ் வாங்கினால்தான் கிளப்பில் சேர்த்துக்கொள்வார்கள். இந்த வருஷம் சான்றிதழ் கிடைக்கவில்லை. இதயத் தசையில் பரம்பரைக் கோளாறாம்; பந்தயத்தின் நடுவில் துடிப்பு தறிகெட்டு நின்றே போகலாமாம். பரம்பரை என்பதால் பெற்றோரையும் கூப்பிட்டுச் சோதித்தார்கள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை. கோளாறு நெரீனாவிடமிருந்துதான் வந்திருந்தது.

இலேனியா அழவில்லை; வேறு வழி சொன்னாள். போ என்னும் ஆற்றுக்கு அக்கரையில், பக்கத்து மாகாணத்தில், ஒரு மருத்துவர் இருக்கிறாராம். அவ்வளவாகத் துருவிப் பார்க்க மாட்டாராம். பழைய முடிவைக் காட்டாமல் இருந்தால் போதும். ஆனால் அவளுக்குப் பதினேழு வயதுதான். அம்மா கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

நெரீனா முடியாது என்றாள். மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"உனக்கும் இதே நெஞ்சுதானேம்மா. வாளியத் தூக்கிக்கிட்டு அஞ்சு மாடி ஏறுற. செத்தா போயிட்ட?"

பாரம் தூக்காதே, மூச்சு வாங்கப் படி ஏறாதே என்று மருத்துவர் நெரீனாவிடமும் சொல்லியிருந்தார். அதை வீட்டில் சொல்லாமல் மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள். சைக்கிள் மிதிக்கத்தான் சான்றிதழ் கேட்பார்கள். படி கழுவ யார் கேட்டார்கள்? தான் ஏறிய ஒவ்வொரு படியும் மகளுக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது என்பது இப்போதுதான் உறைத்தது.

மறுநாள் வேலை மேற்பார்வையாளரைப் பார்த்து, படி ஏறாத வேலை கேட்டாள். ஒரு மருந்துக்கடையைத் துடைக்கும் அரைநாள் வேலைதான் இருந்தது. அதற்கே ஒப்புக்கொண்டாள். தன் வாளியோடு வீடு திரும்பினாள்.

"என்ன, வாளிக்கும் லீவா?" என்றாள் இலேனியா.

"டாக்டர் எனக்கும் வேண்டாம்னுதான் சொன்னாரு. மறைச்சிட்டேன். இனிமே ஏற மாட்டேன். நீயும் விட்டுடு."

"அரைச் சம்பளத்துல எப்படிம்மா?"

"தெரியலடி."

மகள் வாளியை வாங்கி மூலையில் வைத்தாள்.

"சும்மா உக்காந்திருக்க உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. உனக்கு?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். ஆற்றுக்கு அக்கரையைப் பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். கிளப் சைக்கிள்கள் சர்ரென்று தெருவைக் கடந்து போயின. மேசைக்கு அடியில் இலேனியாவின் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. நெரீனா பார்த்தாள், நிறுத்தச் சொல்லவில்லை.