மால்டாவின் கை

கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் ஐரோப்பா குடியிருந்தது. மகள் படிக்கும் ஹைஸ்கூலில் ஒரு மாதிரிக் கூட்டம் நடத்தினார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு ஐரோப்பிய நாடாகி ஒரே மேஜையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு பாதுகாப்புக் கொள்கையை எழுத வேண்டும். படைக்கு யார் தலைமை, கடலை யார் காப்பது, ஒரு நாட்டுக்கு அடி விழுந்தால் மற்ற நாடுகள் எப்போது ஓடி வருவது என்பதெல்லாம் அதில் வரும். நிஜத்தில் உள்ள விதிதான் இங்கேயும். எல்லா நாடும் சம்மதித்தால் மட்டுமே தீர்மானம் நிறைவேறும். ஒரே ஒரு நாடு முடியாது என்றால் எல்லாம் போச்சு. முடிவில் சிறந்த பிரதிநிதிக்கு ஒரு விருது உண்டு. விருது என்றதும் அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கும் நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். காலேஜ் அப்ளிகேஷனில் போடலாம் அல்லவா.

என் மகளுக்கு மால்டா வந்தது. போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் அதைக் கண்டுபிடித்தேன். சென்னைக்குள் வைத்தாலும் மிச்சம் இடம் இருக்கும் போலிருந்தது. இந்தியன் கடையில் பில் போட நிற்கும்போது பின்னால் நின்றவர், "எங்க பையனுக்கு ஜெர்மனி வந்திருக்குங்க" என்றார், மெடிக்கல் சீட் கிடைத்த குரலில். உங்கள் பெண்ணுக்கு என்ன என்று கேட்டார். "ஏதோ மெடிட்டரேனியன் பக்கம்" என்று சொல்லிவிட்டுக் கொத்தமல்லிக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெற்ற பெண்ணின் நாட்டைப் பெயர் சொல்லக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

அவளுக்கு அந்த வெட்கம் இல்லை. "மால்டா நியூட்ரல் கண்ட்ரி, அம்மா. அதுதான் இன்ட்ரஸ்டிங்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எந்தக் கூட்டணியிலும் சேராத நாடு பொதுவான பாதுகாப்பில் எவ்வளவு தூரம் போகலாம் என்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் அப்பாவுக்கு விளக்குவாள். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே தலையாட்டுவார்.

அவளோடு கூடப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு லித்துவேனியா கிடைத்திருந்தது. அவளே கேட்டு வாங்கியதுதான். அவள் அம்மா பிறந்த நாடு அது. மாமா இன்னமும் அங்கே எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறார். சனி, ஞாயிறுகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். எலுமிச்சைச் சாதத்தைக் கையால் சாப்பிடப் பழகியிருந்தாள். மற்றப் பிள்ளைகளைப் பார்த்து என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவாள். "இது உன் வீடுதான்" என்று அவளிடம் நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண் கொள்கையில் சேர்க்கச் சொன்னது ஒரே ஒரு வரி. ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டி யாராவது வந்தால், கூட்டம் போட்டு முடிவெடுக்கும்வரை காத்திராமல் மற்றவர்கள் உடனே உதவிக்கு வர வேண்டும். என் மகளுக்கு அதில் சம்மதமில்லை. நடுநிலை நாடு அப்படி எழுதிக் கொடுக்க முடியாது என்பாள். இரண்டு பேரும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் அதற்காக மணிக்கணக்கில் சண்டை போட்டு, பிறகு ஒரே கிண்ணத்தில் ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள்.

கூட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை ஜெர்மனியின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே இத்தாலியின் அம்மாவும் ஸ்பெயினின் அப்பாவும் வந்தார்கள். எல்லோரும் நம்மவர்கள்தான். நான் வெங்காய பஜ்ஜி போட்டேன். ஜெர்மனியின் அப்பா ஒரு மருந்துக் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். பஜ்ஜிக்குச் சட்னி கேட்பதைக்கூட அஜெண்டாவில் சேர்த்துத்தான் கேட்பார்.

"கிட்ஸ் பாட்டுக்கு ஆர்க்யூ பண்ணிட்டே இருந்தா ஒண்ணும் பாஸ் ஆகாது," என்றார். "பாஸ் ஆகலைன்னா நம்ம யாருக்கும் அவார்டும் இல்ல. அதனால நாமளே இப்ப பேசி ஃபிக்ஸ் பண்ணிடலாம். ட்ராஃப்ட் எங்க பையனோடது. இத்தாலிக்குக் கடல் பேட்ரோல். ஸ்பெயினுக்கு ட்ரெய்னிங் சென்டர். ஓகேவா?"

"மால்டாவுக்கு என்ன?" என்று கேட்டது நான்தான். ஓக் ட்ரீ ரோட்டு இந்தியன் கடைகளில் புடவைக்குப் பேரம் பேசும் அதே குரல். ட்ராஃப்டில் ஜெர்மனிக்கு அடுத்து மால்டாவின் பெயர் வர வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். நாங்கள் நால்வரும் பஜ்ஜி எண்ணெய்க் கையோடு ஐரோப்பாவைப் பங்கு போட்டு முடித்தோம்.

"அந்த லித்துவேனியா பொண்ணோட லைன்?" என்றார் ஸ்பெயினின் அப்பா.

"அது பிரச்சினை," என்றார் ஜெர்மனியின் அப்பா. "'பின்னர் ஆராயப்படும்'னு போட்டு ஓரமா வெச்சிடலாம்."

"அவ நோ சொல்லிட்டா எல்லாம் போயிடுமே," என்றார் இத்தாலியின் அம்மா.

அப்போதுதான் நான் பேசினேன். எங்கள் ஊர்த் தமிழ் அமைப்பில் நான் கமிட்டியில் இருந்திருக்கிறேன். வில்லங்கமான தீர்மானம் எதுவானாலும் அதைச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால்தான் எடுப்போம். பிரியாணி வாசனை வந்துவிடும், பிள்ளைகள் சிணுங்கும், எல்லோரும் சட்டென்று கை தூக்குவார்கள். எதிர்த்துப் பேச வந்தவரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தூக்கிவிடுவார். அது எங்களுக்குக் கைவந்த கலை.

"எல்லார் கையும் மேல இருக்கும்போது ஒரு சின்னப் பொண்ணு மட்டும் எப்படிங்க கையைக் கீழ வெச்சிட்டு உக்காருவா? வெக்கமா இருக்காது?" என்றேன். "ஓட்டெடுப்பை லஞ்சுக்கு முன்னாடி வெக்கச் சொல்லுங்க. லஞ்சை நான் பாத்துக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். "நீங்க இருக்க வேண்டிய இடம் பிரஸ்ஸல்ஸ் மேடம்" என்றார் ஜெர்மனியின் அப்பா. எனக்கு மனசு அப்படியே குளிர்ந்துவிட்டது. இன்னொரு ஈடு பஜ்ஜி போட எழுந்தபோதுதான் மகள் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக இருந்தாள் என்று தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு விஷயத்தைச் சொன்னேன். "அப்போ மால்டா யார்? நீயா, நானா?" என்று கேட்டாள். "பெரியவங்க உன் நல்லதுக்குத்தான் செய்வாங்க, போய்ப் படி" என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சம்மதித்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்தன்று பள்ளி லைப்ரரியில் ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னாலும் ஒரு குட்டிக் கொடி. பெற்றோர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். என் பிரியாணி, எலுமிச்சைச் சாதம் எல்லாம் அலுமினிய ட்ரேயில் பக்கத்து அறையில் தயாராக இருந்தன. லித்துவேனியாவின் அம்மாவுக்கு அன்று வேலை. அவளுக்கென்று ஒரு டப்பாவில் எலுமிச்சைச் சாதம் தனியாகக் கட்டிக் காரில் வைத்திருந்தேன். ஒரு பக்கம் அந்தப் பெண்ணை ஏமாற்றத் திட்டம் போட்டுவிட்டு இன்னொரு பக்கம் அவள் தாய்க்குச் சாதம் கட்டியது அப்போது எனக்கு உறுத்தவே இல்லை.

அந்தப் பெண் பேசினாள். தன் மாமாவின் தோட்டத்து வேலியில் நின்று பார்த்தால் அடுத்த நாட்டுக் காடு தெரியும் என்றாள். இப்போதெல்லாம் மாமா காரில் எப்போதும் பெட்ரோலை நிரப்பியே வைத்திருக்கிறாராம். நீங்கள் கூடிப் பேசி முடிக்கும்போது அவர் வீடு இருக்குமா என்று கேட்டாள். குரல் உயரவில்லை. ஜெர்மனியின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் டீச்சரிடம் சாப்பாடு ஆறுகிறது என்றேன்.

டீச்சர் ஜெர்மனியின் ட்ராஃப்டை ஓட்டுக்கு விட்டார். ஜெர்மனியின் கை உயர்ந்தது. இத்தாலி, ஸ்பெயின் என்று வரிசையாக மற்றவையும் எழுந்தன. எதற்கென்றே தெரியாமல் சில நாடுகள் தூக்கின. அவர்களுக்குப் பசி. லித்துவேனியா சுற்றிலும் பார்த்தாள். அவள் முகம் சிவந்துபோனது. முழங்கை மேஜையில் இருக்க, விரல்கள் மட்டும் மெதுவாக மேலே வந்தன. நான் சொன்னது சொன்னபடி நடந்துகொண்டிருந்தது. அந்த விரல்களைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. குழந்தையின் கையைப் பிடித்து முறுக்குவது போலிருந்தது, முறுக்குவது நான்.

அப்போதுதான் மால்டாவின் கை கீழேயே இருப்பதைக் கவனித்தேன்.

"மால்டா எதிர்க்கிறது" என்றாள் மகள். லித்துவேனியாவின் கை சட்டென்று மடிக்குப் போய்விட்டது.

டீச்சர் காரணம் கேட்டார். என் மகள் எழுந்து நின்றாள். லித்துவேனியா சொல்வதில் மால்டாவுக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அதை இந்த மேஜையில் வாதாடித் தீர்க்கத்தான் மால்டா வந்தது என்றாள். "இந்த ஓட்டு போன வாரமே ஒரு வீட்டு ஹாலில் முடிவாகிவிட்டது. அங்கே பெரியவர்கள் இருந்தார்கள். மால்டா இல்லை." பின்வரிசையை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. யார் வீடு என்றும் சொல்லவில்லை. ஜெர்மனியின் பையன் தன் கொடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான், காது மடல் சிவக்க. எனக்கு முகத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை. பிறகு தட்டுத் தட்டாகப் பிரியாணி போட்டேன். டீச்சர் என்னிடம் நன்றி சொன்னபோது அடுத்த தட்டை எடுத்தேன்.

தீர்மானம் விழுந்தது. விருது போலந்துக்குப் போனது. திரும்பும்போது வழக்கம்போல இரண்டு பெண்களும் என் காரில் வந்தார்கள். மகள் முன்னால், அவள் பின்னால். ஃப்ரீவேயில் ஏறினேன்.

"என் கை தானாக மேலே போய்விட்டது, ஆன்ட்டி," என்றாள் அவள் ஆங்கிலத்தில். "எல்லோரும் தூக்கியிருந்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்தது. என் மாமாவை நினைத்தால் இப்போது அதைவிட வெட்கமாக இருக்கிறது."

அது என்னுடைய வாக்கியம். என் ஹாலில், பஜ்ஜித் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன வாக்கியம். மகள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பெண் மறுபடி கேட்டாள். "யாருடைய வீடு ஆன்ட்டி அது?"

மகள் எனக்காகப் பேசவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. காலையில் தன் ஓட்டைத் தானே போட்டவள், இதை என்னிடம் விட்டுவிட்டாள்.

"எங்க வீடுதான்மா," என்றேன். "அந்த ஐடியாவும் என்னுதுதான்."

தமிழில்தான் வந்தது. அவளுக்கு அந்த அளவு தமிழ் புரியும், எங்கள் வீட்டில் கற்றுக்கொண்டதுதான். அவள் வீட்டு வாசலில் நிறுத்தியபோது சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினாள். கதவை அடித்துச் சாத்தவில்லை. என் மகளின் தோளை ஜன்னல் வழியே ஒரு தடவை தொட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்த்தேன். அவள் அம்மாவுக்குக் கட்டி வைத்த டப்பா பின்சீட்டில் அப்படியே இருந்தது.