ஜீப் வந்தால் பெருகும் ஓயா

ஓயா என்கிற சிற்றாற்றுத் தண்ணீரை அளக்கவும் அரசாங்கம் சம்பளம் கொடுக்குமா என்று கேட்காத ஆளை மாத்தளையில் நான் கண்டதில்லை. இதே உத்தியோகத்தில் காலம் தள்ளியவர்களே, உங்களுக்கும் இந்தப் பாடுதானே!

வெயில் சூடு

மண்ணெண்ணெய் பம்ப் வந்த புதிது. பலாபத்வலைப் பக்கம் மேலே தோட்டக்காரர்கள் ஓயாவிலிருந்து எவ்வளவு இறைக்கிறார்கள், அதனால் கீழே வயல்களுக்கு எவ்வளவு குறைகிறது என்று அளந்து எழுத வேண்டும். புதுப் பம்புக்கு அனுமதி கொடுப்பதா இல்லையா என்று அதை வைத்துத்தான் எங்கள் நீர்ப்பாசனக் கந்தோரில் தீர்மானிப்பார்கள். எங்கள் ஜீப்பைக் கண்டால் போதும், பம்பைப் பறிக்க வருகிறோம் என்று எல்லாரும் இறைப்பை நிறுத்திவிடுவார்கள்.

மிளகாய் போட்டிருந்த செல்லையாவிடம், "பம்ப் எங்கே?" என்றேன். அது பழுதாகி ஒரு மாசமாம். கொட்டிலுக்குள் சாக்குப் போட்டு மூடிக் கிடந்ததைத் தொட்டேன், கை வெந்துபோயிற்று. மனுஷன் அசரவில்லை. "வெயிலு அப்படிங்க, தொரை!"

ராசியான கால்

கீழே இஸ்மாயில் நானாவின் வயல். நெல் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்தில் நின்றது. தண்ணீர் தவறினால் அத்தனையும் பதர். மேலே பம்புகள் நின்றுவிடுவதால் நாங்கள் போய்ச் சேரும்போது ஓயா நிறைந்து வரும். முழங்காலளவு தண்ணீரில் நின்று மீட்டரைப் பிடித்து, நிறையத் தண்ணீர் என்று எழுதுவேன். வேறென்ன எழுத? நானாவுக்கோ என்னைக் கண்டால் பெருநாள். பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும் தந்து சொல்வார்: "நீங்க வந்தாத்தான் தண்ணி வருது ஐயா. நாளைக்கும் வாங்களேன்."

ஒரு நாள் பிழை

எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒருநாள் ஜீப்பைப் பெரிய ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போனேன். மேலே பம்புகள் அலறிக்கொண்டிருந்தன. கீழே கணுக்கால்கூட நனையவில்லை. முந்தி அளந்ததெல்லாம் பொய், இதுதான் மெய் என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்தேன். எங்கள் பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கில் புலி. கண்ணாடியைக் கழற்றினார். "ஐசே, எல்லா நாளும் தண்ணி இருந்திருக்கு. ஒரு நாள் மட்டும் இல்லையெண்டால் அது உம்மடை பிழை. அதை வெட்டிவிடும்."

மிச்சத் தண்ணீர்

ஓயாவில் மிச்சத் தண்ணீர் உண்டு என்று முடிவாகி, மேலே இன்னும் பம்புகள் வந்தன. மனம் கேட்காமல் நானாவைத் தேடிப் போனேன். கதிர் வெளியே வராத வயலில் எருமைகள் மேய்ந்துகொண்டு நின்றன. நடந்ததை எல்லாம் சொன்னேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அந்த மனுஷன் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்: "அந்த மிச்சத் தண்ணிய எந்த வாய்க்காலால உட்டாங்க ஐயா? நான் காணல்லியே."

காலமெல்லாம் ஆற்றில் நின்று நான் கண்டது சேற்றுப்புண்ணும் பென்ஷனும்தான். அந்த மிச்சத் தண்ணீரை நானும் இன்றுவரை காணவில்லை.