கரண்ட் போன நேரத்துக் கவிதை

தங்கை கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க ஆரணியில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குப் போயிருந்தேன். அங்கேதான் தறி ஓட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாவைப் பார்த்தேன். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. கால் உடைந்த மூக்குக்கண்ணாடியைப் பட்டு நூலால் கட்டியிருந்தார். தறி ஓட ஓட அவர் உதடும் அசைந்துகொண்டே இருந்தது. ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திடீரென்று கரண்ட் போனது. "அக்கா, கவிதை!" என்று கூடமே கூவியது.

அவர் தறியில் சாய்ந்துகொண்டு சொன்னார். எப்போதும் ஊர்த்தெருவோடு திரும்பிவிடும் தேர், அவர்கள் காலனித் தெருவுக்குள் முதல்முதலாக வந்த நாளைப் பற்றிய கவிதை. அதைப் பார்க்கவே காத்திருந்த ஒரு தாய், முந்தின மாதம்தான் இறந்துபோயிருந்தார். மகள் அந்தத் தாயின் பிளாஸ்டிக் நாற்காலியைக் காலியாகவே வாசலில் போட்டு வைக்கிறாள்.

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. முதலாளி ஸ்விட்ச் போடாமல் நின்றார். "முடிச்சுடும்மா," என்றார்.

"வடம் இழுத்து வேர்த்த ஒருவர்
கேட்காமலே அதில் உட்கார்ந்தார்;
கேட்டு வாங்கித் தண்ணீர் குடித்தார்."

எல்லோரும் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த ஒருவர் யாரென்று எனக்கும் புரிந்தது. அவர் வெட்கத்தோடு ஸ்விட்சைத் தட்டினார்.

கிளம்பும்போது, "இவ்ளோ சத்தத்துல எப்படிங்க கவிதை வருது?" என்று அந்த அம்மாவின் காதருகே கத்தினேன்.

"சத்தத்துலதாங்க வரும். தப்புத்தப்பா சொல்லிகினே இருக்கலாம், யாருக்கும் கேக்காது!" என்று அவரும் கத்தினார்.

இப்போதும் கரண்ட் போனால் வீட்டில் எல்லோரும் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும், ஆரணியில் ஒரு கவிதை ஆரம்பிக்கப்போகிறது என்று சந்தோஷமாக இருக்கிறது.